புக்கிங் ஹோல்டிங்ஸ்

புக்கிங் ஹோல்டிங்ஸ் என்பது, தனக்கென்று ஓர் ஓட்டலோ விமானமோ வாடகைக் காரோ வைத்துக்கொள்ளாமல், உலகெங்கும் பிறருக்குச் சொந்தமான அறைகளையும் ஆசனங்களையும் இணையத்தின் வாயிலாகப் பிரயாணிகளுக்குப் பதிவுசெய்து கொடுத்து, அதில் கிடைக்கும் தரகினாலேயே ஜீவித்து வருகிற ஓர் அமெரிக்க ஸ்தாபனம். 2024ஆம் ஆண்டில் இதன் மூலம் நடந்த பதிவுகளின் மொத்தக் கிரயம் சுமார் 16,560 கோடி டாலர். அதில் ஸ்தாபனத்தின் வருமானமாக நின்றது சுமார் 2,370 கோடி டாலர். செலவும் வரியும் போக மிஞ்சிய நிகர லாபம் சுமார் 588 கோடி டாலர். தலைமைக் காரியாலயம் கனெக்டிகட் மாநிலத்து நார்வாக் நகரில் இருக்கிறது. ஆனால் வருமானத்தில் மிகப் பெரும்பகுதியைச் சம்பாதித்துத் தருகிற புக்கிங்.காம் என்னும் கிளையோ நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நடைபெறுகிறது. ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் தன் உயிரை வைத்திருந்த ராட்சசனைப் பற்றிப் பாட்டிமார் சொல்லும் கதை இந்த ஸ்தாபனத்துக்குப் பொருந்துகிற அளவுக்கு வேறெந்தக் கம்பெனிக்கும் பொருந்துமா என்பது சந்தேகம். உடம்புக்கும் உயிருக்கும் இடையே இத்தனை தூரம் எப்படி நேர்ந்தது என்பதே இதன் சரித்திரம்.

1997இல் ஜே வாக்கர் என்பவர் இதனைப் பிரைஸ்லைன் என்ற பெயரில் ஸ்தாபித்தார். 1998 ஏப்ரலில் வியாபாரம் தொடங்கிற்று. சரக்குக்கு விற்பவன் விலை சொல்ல, வாங்குபவன் பேரம் பேசுவது உலக வழக்கமாயிருக்க, வாக்கர் அதனைத் தலைகீழாக்கினார். சிகாகோ நகரில் ஒரு மூன்று நட்சத்திர ஓட்டலில் ஓரிரவு தங்க வேண்டிய ஒருவர், தாம் தரத் தயாராயிருக்கும் தொகை 60 டாலர் என்று தாமே குறிப்பிட்டு, கிரெடிட் கார்டு எண்ணையும் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். எந்த ஓட்டல் என்பது அவருக்குத் தெரியாது. அந்த நகரத்து ஓட்டல் ஏதேனும் 50 டாலருக்கு ஓர் அறையைத் தரச் சம்மதித்திருந்தால் பதிவு அந்தக் கணமே முடிந்துவிடும். பத்து டாலர் ஸ்தாபனத்துக்கு. அதன்பின் பிரயாணி மனம் மாறினாலும் பணம் திரும்பாது.

ஓட்டல்காரர்கள் இதற்கு ஏன் உடன்பட்டார்கள் என்றால், இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக் காலையில் எவருக்கும் விற்க இயலாது. ஆள் ஏறாமல் பறந்துபோன ஆசனமும் அவ்வாறே. பொழுது சாய்ந்தபின் கூடையில் மிஞ்சிய கீரையை வந்த விலைக்குத் தள்ளிவிடும் கீரைக்காரியின் நியாயந்தான் இது. ஆனால் கீரைக்காரி விலையைத் தெருவறியக் கூவுகிறாள், இங்கேயோ ஓட்டலின் பெயர் மறைந்திருந்ததனால், முழு வாடகை கொடுத்த வாடிக்கைக்காரர்களின் காதுக்கு அந்தச் சலுகை விலை எட்டவில்லை. இந்த முறைக்கு 1998இல் காப்புரிமையும் கிடைத்தது.

1999 மார்ச் 30ஆம் தேதி பங்குகள் சந்தைக்கு வந்தபோது, 16 டாலருக்கு வெளியிடப்பட்ட பங்கு அன்று மாலையே 69 டாலரில் நின்றது. ஒரு மாதத்துக்குள் 150ஐயும் தாண்டிற்று. ஸ்டார் டிரெக் தொடரில் கப்பல் தலைவனாக நடித்துப் பிரசித்தி பெற்ற வில்லியம் ஷாட்னர், விளம்பரங்களில் தோன்றியதற்குச் சன்மானமாகப் பங்குகளைப் பெற்றுக்கொண்டார். 1998இல் சுமார் 3.5 கோடி டாலராக இருந்த வருமானம் மறு ஆண்டில் 48 கோடியாயிற்று; ஆனால் அதே ஆண்டு நஷ்டம் 105 கோடி டாலருக்கு மேல். வந்ததைப்போல் இரு மடங்குக்கு மேல் ஒரு வியாபாரி எப்படி இழக்கக்கூடும் என்று வியப்பவர்கள், டெல்டா முதலான விமானக் கம்பெனிகளைத் தன்னிடம் டிக்கெட் தரச் செய்வதற்காக அவற்றுக்கு ஸ்தாபனம் அளித்த பங்குரிமைகளின் மதிப்பு கணக்கில் செலவாக ஏறியதைக் கவனிக்க வேண்டும். பணம் கைவிட்டுப் போகவில்லை; ஆயினும் பேரேட்டில் அது நஷ்டமே.

பங்கு விலையின் ஏற்றம் தந்த மயக்கம் போதாதென்று, அதே தத்துவத்தை மளிகைச் சாமான்களுக்கும் பெட்ரோலுக்கும் நீட்டித்து, வெப்ஹவுஸ் கிளப் என்ற தனிக் கம்பெனி 1999இன் கடைசியில் தொடங்கப்பட்டது. கீரையின் நியாயம் டப்பாவில் அடைத்த சூப்புக்குச் செல்லாது என்பதை எண்ணிப் பார்த்திருக்கலாம். இன்று விற்காத டப்பா நாளையும் விற்கும். ஆகையால் உற்பத்தியாளர்கள் பலர் விலையைக் குறைக்க முன்வரவில்லை. குறைத்த விலைக்கும் உண்மை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலும் கம்பெனியே தன் கையிலிருந்து போட்டது. 2000 அக்டோபரில் அது மூடப்பட்டது. இணையக் கம்பெனிகளின் பங்குகள் எல்லாம் சரிந்துகொண்டிருந்த அந்த ஆண்டின் முடிவில் பிரைஸ்லைன் பங்கு ஒரு டாலரை ஒட்டி வந்துவிட்டது. 2003இல் ஆறு பங்குகளை ஒன்றாகச் சேர்த்து விலையை நிமிர்த்தினார்கள். பங்கின் விலைச் சரித்திரத்தை இன்று படிப்பவர்கள் இந்தச் சேர்க்கையை மறந்து கணக்கிட்டால் தவறிப்போவார்கள்.

2002இன் இறுதியில் நிர்வாகத் தலைமை ஏற்ற ஜெஃப்ரி பாய்டின் காலத்தில், ஆரவாரம் எதுவுமின்றி இரண்டு கொள்முதல்கள் நடந்தன. 2004இல் இங்கிலாந்தின் ஆக்டிவ் ஹோட்டல்ஸ் 16.1 கோடி டாலருக்கும், 2005இல் நெதர்லாந்தின் புக்கிங்ஸ் 13.3 கோடி டாலருக்கும் வாங்கப்பட்டன. பின்னது, என்ஸ்கெடே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்த ஹேர்ட்-யான் பிராயின்ஸ்மா என்ற இளைஞர் 1996இல் தொடங்கிய சிறு முயற்சி; அதுவே பின்னர் புக்கிங்.காம் ஆயிற்று. வியாபார உலகில் இத்தனை சொற்ப விலைக்கு இத்தனை பெரிய ஆதாயம் தந்த கொள்முதல் வெகு அபூர்வம்.

அதன் இரகசியம் ஐரோப்பிய ஓட்டல்களின் தன்மையில் இருந்தது. அமெரிக்காவில் ஓட்டல்களில் பெரும்பாலானவை பெரிய சங்கிலிக் கம்பெனிகளின் பெயரில் நடப்பவை. ஐரோப்பாவிலோ இருபது முப்பது அறைகளுடன் ஒரு குடும்பமே நடத்தும் விடுதிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் பெயரை வெளியூரார் அறியமாட்டார்கள், விளம்பரத்துக்கு அவற்றிடம் பணமும் இல்லை. எக்ஸ்பீடியா முதலிய போட்டியாளர்கள் பின்பற்றிய முறையில், அறையின் விலையைப் பிரயாணியிடமிருந்து கம்பெனியே முன்னதாக வாங்கிக்கொண்டு, கணிசமான பங்கைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைப் பிறகு ஓட்டலுக்கு அனுப்பும். ஆம்ஸ்டர்டாம்காரர்களோ இப்படிச் செய்தார்கள்: பிரயாணி இணையத்தில் அறையைக் குறித்துக்கொண்டு, விடுதியை விட்டுப் புறப்படும்போது அங்கேயே, உதாரணமாக, 100 யூரோவைச் செலுத்துவார், மாதம் முடிந்தபின் ஆம்ஸ்டர்டாமிலிருந்து விடுதிக்கு ஒரு பில் வரும், அதில் கமிஷன் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டியிருக்கும். விருந்தாளி வராவிட்டால் கமிஷனும் இல்லை. சேருவதற்குக் கட்டணமும் இல்லை. கல்லாவில் பணம் விழுந்தபிறகு தரகு கேட்கிறவனை எந்த விடுதிக்காரன் வேண்டாமென்பான்? விடுதிகள் மிகுந்ததனால் பிரயாணிகள் வந்தார்கள். பிரயாணிகள் மிகுந்ததனால் மேலும் விடுதிகள் வந்தன.

2005இல் சுமார் 96 கோடி டாலராக இருந்த வருமானம் 2010இல் 308 கோடி, 2015இல் 922 கோடி, 2019இல் 1,507 கோடி என்று ஏறிச் சென்றது. உண்மையான வளர்ச்சி இந்த எண்கள் காட்டுவதைக் காட்டிலும் பெரிது. பழைய தலைகீழ்ப் பேர முறையில் பிரயாணி கொடுத்த 60 டாலர் முழுவதும் வருமானமாக எழுதப்பட்டது. கமிஷன் முறையிலோ 100 யூரோவில் 15 மட்டுமே வருமானம். 2013 செப்டம்பரில் பங்கு 1,000 டாலரைத் தாண்டிற்று. 2018இல் ஸ்தாபனம் தன் ஜன்மப் பெயரையே துறந்து, தான் 13.3 கோடிக்கு வாங்கிய பிள்ளையின் பெயரைச் சூடிக்கொண்டது.

மற்றக் கொள்முதல்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆசியாவில் வியாபாரம் செய்யும் அகோடா 2007இலும், விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் கயாக் சுமார் 180 கோடி டாலருக்கு 2013இலும், உணவகங்களில் மேசை பதிவுசெய்யும் ஓப்பன்டேபிள் 260 கோடிக்கு 2014இலும் சேர்ந்தன. கடைசியாகச் சொன்னதன் மதிப்பில் 94 கோடி டாலரை 2016இலேயே கணக்கிலிருந்து கழிக்க நேர்ந்தது. மலிவாக வாங்கியது மலையாக வளர்ந்ததும், விலை கொடுத்து வாங்கியது தேய்ந்ததும் ஒரே வீட்டில் நடந்தவை.

செலவுக் கணக்கில் தலையானது விளம்பரம். ரோம் நகரத்தில் ஓட்டல் தேடுகிற ஒருவர் முதலில் போவது கூகிளிடந்தான்; அங்கே பட்டியலின் உச்சியில் நிற்பதற்கு, ஒவ்வொரு தட்டலுக்கும் ஏலத்தில் பணம் கட்ட வேண்டும். 2024இல் சந்தைப்படுத்தும் செலவு சுமார் 730 கோடி டாலர். அதாவது வந்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஓட்டல்காரனிடம் சுங்கம் வாங்குகிறவனிடமே சுங்கம் வாங்க வேறொருவன் முந்திய சாவடியில் உட்கார்ந்திருக்கிறான் என்பதே இதன் பொருள். தன் செயலிக்கு நேராக வருகிறவர்களுக்குச் சலுகை தந்து, அந்தச் சாவடியைச் சுற்றிக்கொண்டு போக ஸ்தாபனம் இடைவிடாது முயன்று வருகிறது.

2020இல் கொள்ளைநோய் பிரயாணத்தையே நிறுத்திற்று. முந்திய ஆண்டு 84.5 கோடியாக இருந்த அறை இரவுகள், அதாவது ஓர் அறையில் ஓரிரவு என்னும் கணக்கிலான பதிவுகள், 35.5 கோடியாயின, வருமானம் சுமார் 680 கோடிக்கு இறங்கியது. ஏப்ரலில் ஏறத்தாழ 400 கோடி டாலர் கடன் திரட்டப்பட்டது, புக்கிங்.காம் ஊழியர்களில் நாலில் ஒரு பங்கினர் வேலையிழப்பர் என்று ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அப்படியிருந்தும் ஆண்டு முடிவில் 5.9 கோடி டாலர் நிகர லாபம் காணப்பட்டதன் காரணம் பிரயாணம் அன்று. சீனத்தின் மெய்துவான் கம்பெனியில் முன்பு போட்டிருந்த முதலீட்டின் பங்கு விலை உயர்ந்ததே. சம்பளச் செலவுக்காக நெதர்லாந்து அரசாங்கத்திடம் பெற்ற சுமார் 6.5 கோடி யூரோ உதவித் தொகை வேறொரு சங்கடத்தை விளைவித்தது. உயர் அதிகாரிகள் மூவருக்குப் பெருந்தொகை போனஸாக அளிக்கப்பட்ட செய்தி 2021இல் வெளியானதும் அந்த நாட்டில் கூச்சல் எழுந்தது. அந்த உதவித் தொகை திருப்பிக் கொடுக்கப்பட்டது. பிரயாணம் மீண்டபோது ஏற்றமும் அவ்வளவே வேகமாயிருந்தது: 2023இல் அறை இரவுகள் முதன்முறையாக 100 கோடியைக் கடந்தன.

இந்த மீட்சியின் ஊடே வியாபார முறையே சத்தமின்றி மாறிவிட்டது. ஒரு காலத்தில் எந்த முறையை விலக்கியதனால் ஓட்டல்காரர்களின் பிரியத்தைச் சம்பாதித்ததோ, அந்த முறைக்கே ஸ்தாபனம் திரும்பி, 2023 முதல் பதிவுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் பணத்தைத் தானே பிரயாணியிடமிருந்து வாங்குகிறது. ஜூலையில் தங்கப்போகிறவர் மார்ச்சில் கட்டிய பணம், இடையிலுள்ள மாதங்களில் ஸ்தாபனத்தின் கையிலேயே இருந்து வட்டியும் ஈட்டுகிறது.

ஐரோப்பிய அரசாங்கங்களுடன் வழக்கு ஓய்ந்தபாடில்லை. தன் தளத்தில் உள்ளதைவிடக் குறைந்த விலையை ஓட்டல்காரர் வேறெங்கும் காட்டலாகாது என்னும் நிபந்தனை பல நாடுகளில் எதிர்ப்புக்கு உள்ளாகி, 2024இல் ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசத்தில் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் போட்டி ஆணையம் 41.3 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஸ்வீடனின் ஈட்ராவலி என்னும் விமானப் பதிவுக் கம்பெனியை 163 கோடி யூரோவுக்கு வாங்கும் ஒப்பந்தத்தை 2023இலேயே ஐரோப்பிய ஆணையம் தடுத்துவிட்டது.

ஐந்தொகையைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு விநோதம் காத்திருக்கிறது. இத்தனை லாபம் ஈட்டுகிற ஸ்தாபனத்தின் பங்குதாரர் முதல், 2024 இறுதியில், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 400 கோடி டாலர். அதாவது சொத்துக்களைவிடப் பொறுப்புகள் அவ்வளவு அதிகம். தொழில் நொடித்ததனால் வந்த பள்ளமன்று அது. வருஷந்தோறும் லாபத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் கொண்டு சொந்தப் பங்குகளையே சந்தையில் திரும்ப வாங்கி ரத்துச்செய்தது போலப் பெட்டியில் வைத்ததனால் வந்தது. அறை கட்டவோ விமானம் வாங்கவோ வேண்டாத வியாபாரமாதலால் அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 790 கோடி டாலர் ரொக்கம் மிஞ்சிற்று. கடன் கொடுப்பவர்கள் ஐந்தொகையைப் பாராமல் இந்த ரொக்கத்தையே பார்த்துக் கொடுக்கிறார்கள். பங்குச் சந்தைக்கு வந்து கால் நூற்றாண்டு கழித்து, அதே 2024இல்தான், பங்கு ஒன்றுக்குக் காலாண்டுக்கு 8.75 டாலர் வீதம் பங்குதாரர்களுக்கு முதன்முறையாக லாபப் பங்கு வழங்கத் தொடங்கியது.