மலையேறிய உழவர்கள்

சங்ககிரிச் சமவெளிக்கு வடகிழக்கே சேர்வராயன், கிழக்கே கொல்லிமலை, அதற்கும் அப்பால் பச்சைமலையும் கல்வராயனும். காவிரியைத் தாண்டி வடமேற்கே போனால் பர்கூர் மலை. இந்த மலைகள் எல்லாவற்றிலும் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினரைப் பற்றிக் கீழ்நாட்டில் ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது: ஆதியிலிருந்தே அங்கே இருப்பவர்கள், வெளிக்காற்று படாதவர்கள், வேறு இனம். கேரளத்தாரோடு பெயரளவில் மட்டுமே ஒற்றுமை உள்ள இவர்கள், 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடிகளில் பெருந்தொகையினர். ஏறத்தாழ 8 லட்சம் பேரில் மூன்றரை லட்சத்துக்கு மேல். ஆனால் கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்கவில்லை. சேலத்து மலைகளின் இனம் சமவெளி வரலாற்றிலிருந்தே கிளைத்தது. மலை அதை வேறாக்கியது. சர்க்கார் வரைந்த எல்லைக்கோடு அதை மேலும் வேறாக்கியது.

முதல் சான்று அவர்களே சொல்லிவரும் கதை. 1883இல் வெளிவந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடும், 1909இல் வெளிவந்த, தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய தர்ஸ்டனின் தொகுப்பும் இதைப் பதிந்திருக்கின்றன. காஞ்சிபுரத்து வேளாளர் குடியைச் சேர்ந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று சகோதரர்கள் தங்கள் தெய்வத்தோடு தெற்கே வந்து, ஆளுக்கொரு மலையில் குடியேறினார்களாம். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது ஊருக்கு ஊர் மாறும். காஞ்சியும் மூன்று பேரும் மாறுவதில்லை. கதையின் அடுத்த பகுதி இன்னும் முக்கியமானது. மலைக்கு வந்தவர்கள் கைக்கோளர், வேடர் என வெவ்வேறு குலங்களில் பெண் எடுத்தார்கள் என்கிறது அது. தூய வம்சம் என்று பெருமை பேச வாய்ப்பிருந்தும் கலப்பை ஒளிக்காத மரபு இது.

வாய்மொழிக் கதையை வரலாறாகக் கொள்ளலாமா, உயர்ந்த மரபு கேட்டு எந்தக் குடிதான் காஞ்சியைச் சொல்லாது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. காஞ்சி என்ற ஊரையும் மூவர் என்ற எண்ணையும் எழுத்துக்கு எழுத்து நம்பத் தேவையில்லை. கதை சொல்லும் திசையை வாழ்க்கை உறுதிப்படுத்துகிறதா என்பதே கேள்வி. கொல்லிமலையில் பள்ளத்தாக்கு வயல்களை ஏர் பூட்டி உழுது நெல் விளைவிக்கிறார்கள். மேட்டுச் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும். பேசுவது தமிழ், பட்டம் கவுண்டர். ஊர்க்கவுண்டர், அவருக்கு மேல் நாட்டார், பட்டக்காரர் என்று அடுக்கிய அதிகாரமும், நாடு என்ற நிலப்பிரிவும் சமவெளி வேளாண் சமூகத்தின் அமைப்புகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று கொல்லிமலையின் 14 ஊராட்சிகளும் இன்றுவரை அந்தப் பெயரிலேயே இயங்குகின்றன. வெளியுலகம் அறியாத குடி இப்படி ஓர் அமைப்பைத் தானாக வளர்த்துக்கொண்டது என்பதைவிட, கீழிருந்து கொண்டுபோனது என்பதே பொருந்தும்.

அப்படியானால் அவர்களுக்கு முன் மலை வெறுமையாகவா கிடந்தது? இல்லை. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியையும், அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த காரியையும் சங்கப் பாடல்கள் அறியும். அங்குள்ள அறப்பளீஸ்வரர் கோயில் தேவார வைப்புத் தலம். ஆக, மூவேந்தர் அரசியலிலும் பக்தி இயக்கத்திலும் இந்த மலைக்குப் பங்கு இருந்திருக்கிறது. மொழியிலும் மலை தனித்து நிற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், பல மொழி பேசும் நிலம் மலைக்குக் கீழேதான் இருக்கிறது. சங்ககிரி, எடப்பாடி வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடிகள் உண்டு. சேலம் நகரில் சௌராஷ்டிரமும் கேட்கும். கொல்லியில் தமிழ் ஒன்றே.

நீலகிரியைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. தோடர், கோத்தர், இருளர், குறும்பர் என்று தனித்தனி மொழியும் தொழிலும் கொண்ட இனங்கள் அங்கே ஒரே மலையில் வாழ்கின்றனவே என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கும் கோத்தர் செய்த பானையும் இரும்புக் கருவியும், தோடர் தந்த நெய்யும், படகர் விளைத்த தானியமும் வீட்டுக்கு வீடு கைமாறின. அந்தப் படகர்களும் மைசூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்றே அவர்கள் மரபு சொல்கிறது. ஆட்சிக்குத் தப்பி ஓடியவர்களே மலைக்குடிகள் ஆனார்கள் என்று தென்கிழக்கு ஆசியாவை வைத்து ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் 2009இல் எழுதினார். சேலத்துக்கு அது பாதிதான் பொருந்தும். இங்கே ஏறியவர்கள் கீழ்நாட்டு ஒழுங்கை உதறவில்லை. தெய்வத்தையும் பட்டத்தையும் கூடவே எடுத்துச் சென்றார்கள்.

சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்றால் பழங்குடிச் சலுகை எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். சலுகை ஆதி ரத்தத்துக்குத் தரும் பரிசல்ல. மலையில் தலைமுறைகள் கழிந்ததில் வந்த ஒதுக்கத்துக்கும், 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்த பிறகு தோட்டங்கள் பெருகிக் குடிகளின் நிலம் சுருங்கியதற்கும் அது ஈடு. அந்த ஈட்டையும் நாம் நேராகக் கொடுக்கவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மலையாளிகளைத் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி ஆகிய மாவட்டங்களில் மட்டுமே பழங்குடி என்றது. அன்று கோவை மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலை, பின்னர் ஈரோட்டோடு போனது. அங்குள்ள மலையாளிகள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். காவிரிக்கு இந்தப் பக்கம் பழங்குடி, அந்தப் பக்கம் இல்லை. இனம் எது என்பதை வாழ்க்கையையும் வரலாற்றையும் கொண்டு தீர்மானிக்க வேண்டும்; மாவட்ட வரைபடத்தைக் கொண்டு தீர்மானித்த அந்தப் பட்டியல் திருத்தப்பட வேண்டும்.