அழகான காசு, அழிந்த நம்பிக்கை

ஒரு குட்டி வெள்ளிக்காசு அழகா இருக்குன்னு ஊரே வாங்கிக் குவிச்சு, கடைசியில ஏமாந்த கதை தெரியுமா? வாங்க பார்ப்போம் 👇

1) பிரான்சில் 1641-ல் எக்யூ என்ற பெரிய வெள்ளி நாணயம் வந்தது. அதில் 12-ல் ஒரு பங்குதான் நம்ம ஹீரோ. மதிப்பு 5 சோல். எடை சுமார் 2.2 கிராம். மேலே 14-ம் லூயி மன்னரின் சிறுவயது முகம். நல்ல தரமான வெள்ளி.

2) இது கப்பலேறி துருக்கிய ஒட்டோமான் பேரரசுக்குப் போச்சு. அங்கே அப்போ உள்ளூர் வெள்ளிக்காசுக்குக் கடும் தட்டுப்பாடு. பெண்கள் இதைக் கோர்த்து நகையாவே போட்டுக்கிட்டாங்க. இத்தாலியர்கள் வைத்த செல்லப்பெயர் லூயிஜினோ, அதாவது குட்டி லூயி.

3) லியோனுக்கு வடக்கே தோம்ப் என்ற குட்டி சமஸ்தானம். தலைநகர் திரெவூ. அதை ஆண்டவர் ஆன் மரி லூயிஸ், மன்னரின் சித்தப்பா மகள். 1652 உள்நாட்டுக் கலகத்தில் அரச படை மீதே பஸ்தீல் கோட்டை பீரங்கிகளைச் சுட வைத்தவர்!

4) சமஸ்தானம் என்பதால் சொந்தமா நாணயம் அடிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. திரெவூவில் தன் முகத்தோடு அதே அளவில் காசு அடித்தார். துருக்கியில் செம வரவேற்பு.

5) லாபம் தெரிந்ததும் போட்டி தொடங்கியது. ஓரான்ஜ், ஜெனோவாவைச் சுற்றிய குட்டி ஜமீன்கள் எல்லாம் களமிறங்கின. சிலர் இளவரசி முகத்தையே காப்பி அடித்தார்கள். முகம் அப்படியே இருந்தது. உள்ளே வெள்ளி குறைந்து செம்பு ஏறிக்கிட்டே போச்சு.

6) 1660களின் கடைசியில் குட்டு உடைந்தது. ஒட்டோமான் அரசு தடை போட்டது. காசு அடித்த பிரபுக்கள் லாபத்தை முன்னாடியே எடுத்தாச்சு. நஷ்டம் யாருக்கு? அந்தக் காசைச் சேமிப்பா முடிஞ்சு வச்சிருந்த சாமானியனுக்கு.

7) ஒரு மருத்துவரா எனக்கு இது நல்லாவே புரியுது. போலி மாத்திரையிலும் அட்டை, நிறம், எழுத்து எல்லாம் அச்சு அசலா இருக்கும். மருந்து மட்டும்தான் இருக்காது. அதைக் கண்ணால் பார்த்து நோயாளி கண்டுபிடிக்க முடியாது. அதுக்குத்தான் தரப் பரிசோதனை வேணும்.

8) அன்று அந்தக் காசை உரசிப் பார்க்க வேண்டியவர்கள் ரொம்பத் தாமதமா உரசினாங்க. விலை கொடுத்தது கடைசியா கையில் வச்சிருந்தவர்.