பட்டன் அமுக்கியும் விழாத ஓட்டு

போன மாசம் ஆபீஸ் மீட்டிங்ல ஒரு கூத்து. ஹால்ல 200 பேர், ஆளுக்கொரு கீபேட். "பிடிச்சிருந்தா பச்சை, இல்லைன்னா சிவப்பு"ன்னாங்க. அமுக்கினோம். திரையில மொத்த ஓட்டு 163. என் கீபேட்ல லைட்டே எரியலை, பக்கத்து சீட் ஆளுக்கும் அதே கதி. மேடையில இருந்தவர் சிரிச்சுக்கிட்டே, "ட்ரெண்ட் தெரிஞ்சுடுச்சு, அடுத்த கேள்விக்குப் போவோம்"னுட்டார். மிச்சம் 37 ஓட்டு எங்கேன்னு யாரும் கேக்கலை. நானும்தான்.

ஆபீஸ் ஓட்டு போனா போகுது. ஒரு ஆட்சியே அந்தப் பட்டன்ல தொங்கினா?

2008 ஜூலை 22. மக்களவையில மன்மோகன் சிங் அரசு மேல நம்பிக்கை ஓட்டெடுப்பு. அமெரிக்காவோட போட்ட அணுசக்தி ஒப்பந்தம் பிடிக்காம இடதுசாரிகள் ஆதரவை வாபஸ் வாங்கியிருந்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் சபைக்குள்ளேயே நோட்டுக்கட்டைத் தூக்கிக் காட்டி ஒரே ரகளை. அதுக்கப்புறம்தான் ஓட்டெடுப்பு. போர்டுல வந்தது: ஆதரவு 253, எதிர்ப்பு 232, நடுநிலை 2. 21 ஓட்டு வித்தியாசம், அரசு ஜெயிச்சாச்சுன்னு தோணுதா? கொஞ்சம் கூட்டிப் பாருங்க. 487தான் வருது. 54 ஓட்டு இன்னும் போர்டுல ஏறவே இல்லை! வித்தியாசத்தை விட விடுபட்டது ரெண்டரை மடங்கு.

மக்களவைக்கு ஓட்டுப் பதிவு மெஷின் வந்தது 1957லயே. மணி அடிச்சதும் எம்.பி. ரெண்டு பட்டனை ஒரே நேரத்துல அமுக்கணும். ஒண்ணு ஓட்டைத் தொடங்குற பட்டன், இன்னொண்ணு ஆம், இல்லை, நடுநிலை இதுல ஏதாவது ஒண்ணு. ரெண்டாவது மணி வரைக்கும் கையை எடுக்கப்படாது. பக்கத்து சீட்டுக்கு நீட்டணும்னா மூணாவது கை வேணும்!

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் மெஷின் இல்லை. அது சொதப்பும்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்ட நடைமுறை. சபாநாயகர் "திருத்தத்துக்கு உட்பட்டு"ன்னு சொல்லிட்டுத்தான் போர்டு எண்ணிக்கையைப் படிப்பார். ஓட்டு விழாதவங்களும் தப்பா அமுக்கினவங்களும் சீட்டுல எழுதிக் கொடுக்கலாம். அன்னிக்கு சோம்நாத் சட்டர்ஜி சபாநாயகர். சீட்டெல்லாம் எண்ணினப்புறம் 275 - 256, நடுநிலை 10. வித்தியாசம் 21லேர்ந்து 19க்கு இறங்கிடுச்சு. அரசு தப்பிச்சது.

2024 டிசம்பர் 17லயும் இதே கதை. புது நாடாளுமன்றக் கட்டடத்துல, ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதா அறிமுகம். போர்டுல 220 - 149. சீட்டையும் சேர்த்ததும் 269 - 198. ரெண்டு கணக்குலயும் வித்தியாசம் அதே 71தான்! நம்ம மேடைக்காரர் இருந்திருந்தா, "பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே"ன்னிருப்பார். ஆனா முடிவு மாறலைங்கறது எண்ணின பிறகுதானே தெரிஞ்சுது? எண்ணாம விட்டிருந்தா 98 ஓட்டு காத்தோட போயிருக்கும்.

இதை அப்படியே எங்க ஆபீஸுக்குக் கொண்டுவர முடியாதுங்கறதுதான் சிக்கல். எம்.பி. ஓட்டு பகிரங்கம். யாரோடது விழலைன்னு தெரியும், அவர்கிட்ட மட்டும் சீட்டு வாங்கிக்கலாம். எங்க ஓட்டு ரகசியம். யாரோட பட்டன் வேலை செய்யலைன்னு கண்டுபிடிக்க வழி இல்லை. "விழாதவங்க எழுதிக் கொடுங்க"ன்னா, ரெண்டு ஓட்டு போடுற புண்ணியவான் நாலு பேர் கிளம்புவாங்க. அதனால முதல்ல ஒரு சும்மா கேள்வி கேட்டு தலையை எண்ணிப் பாக்கணும். கணக்கு இடிச்சா கீபேடை ஓரமா வச்சுட்டு காகிதம் கொடுத்து முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

அடுத்த மீட்டிங்ல என் கீபேட் எரியலைன்னா எழுந்து நின்னு சொல்லப் போறேன். அப்ரைசலுக்கு முந்தின மாசமா இல்லாம இருந்தா!