எரிபஸ் மலையும் திருவனந்தபுரத்துக் குன்றும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர் பலரும் ஆப்சர்வேட்டரி ஹில்ஸ் என்னும் குன்றை அறிவர். சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் நிறுவிய வானாராய்ச்சிக் கூடமே அப்பெயருக்குக் காரணம். அக்குன்றுக்கும் தென் துருவ நிலத்து எரிமலை ஒன்றுக்கும் உறவு உண்டு என்றால் வியப்பாக இருக்கலாம்.

காந்த ஊசி எல்லா இடங்களிலும் நேர் வடக்கைக் காட்டுவதில்லை. இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் அது விலகி நிற்கும். கடலோடிகளுக்கு இவ்விலகலை அறிவது இன்றியமையாதது. ஆகவே, உலகின் பல பகுதிகளிலும் அதனை ஒருங்கே அளந்தறிய அறிஞர்கள் முனைந்தனர். சிம்லா, சென்னை, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் கிழக்கிந்தியக் கம்பெனி அப்பணியை மேற்கொண்டது. காந்த நடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில், திருவிதாங்கூர் அரசின் ஆதரவில், ஜான் கால்டிகாட் 1841 முதல் அதனை நடத்தினார்.

அதே முயற்சியின் மற்றொரு கிளையாக, ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1839-இல் எரிபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களுடன் தென் காந்த முனையைத் தேடிப் புறப்பட்டார். முனை நிலத்தினுள் அமைந்திருந்தமையால் அவரால் அதனை எட்ட இயலவில்லை. ஆயினும், 1841 ஜனவரியில் பனிவெளியின் நடுவே தழலும் புகையும் கக்கும் மலையொன்றைக் கண்டார். 3,794 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு எரிபஸ் என்றும், அதன் கிழக்கே அவிந்து நின்ற மலைக்கு டெரர் என்றும் தம் கப்பல்களின் பெயர்களையே சூட்டினார். கிரேக்கப் புராணத்தில் எரிபஸ் என்பது இருளைக் குறிக்கும். நெருப்பைக் கக்கும் மலைக்கு வாய்த்ததோ இருளின் பெயர்! அம்மலைகள் நிற்கும் நிலம் ஒரு தீவு என்பது 1902-இல் ஸ்காட் குழுவினரால் தெளிவாயிற்று. இன்று அது ராஸ் தீவு.

அவ்விரு கப்பல்களும் 1845-இல் பிராங்க்ளின் தலைமையில் வட துருவக் கடலுக்குச் சென்று மீளவில்லை. அவற்றின் சிதைவுகள் 2014-இலும் 2016-இலும் கண்டறியப்பட்டன. கப்பல்கள் மூழ்கின, பெயர்கள் மலைகளில் நிலைத்தன.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1852-இல் இக்கூடத்தின் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன், அகத்திய மலைமீதும் காந்த ஆய்வுக் கூடம் ஒன்றை அமைத்தார். அது நம் பொதிகை. அம்மலைக்கு அவர் புதுப்பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. ஆளில்லாப் பனி நிலத்தில் முதலில் கண்டவர் இட்டதே பெயர். மக்கள் வாழும் நிலத்திலோ பெயர் முன்னரே காத்திருக்கும்.

எரிபஸ் என்னும் பெயர் உலகப் படத்தில் உள்ளது. இக்குன்றில் ஊசியின் அசைவை நோக்கி எண்களைக் குறித்துவைத்த இந்நாட்டு உதவியாளர்களின் பெயர்களை எந்த மலையும் தாங்கவில்லை. ஆயினும், அவர்தம் எண்களும் அப்பேராராய்ச்சியில் பங்கு பெற்றன. பிற மாநிலங்களில் பெயரின்றி உழைக்கும் நாமும் இதனை நினைவிற் கொள்வோமாக.