சஃபாரி ராலியும் முன்கண்ணாடித் துடைப்பானும்

ராலி என்பது வளைய வடிவக் களத்தில் பல கார்கள் ஒருசேர ஓடும் பந்தயம் அன்று. ஒவ்வொரு காரும் குறித்த இடைவெளியில் தனித்தனியே புறப்பட்டு, ஊர்களையும் காடுகளையும் மலைகளையும் கடக்கும் சாலைகளில் நேரக் கணக்குடன் ஓடி இலக்கை அடைய வேண்டிய போட்டி. இவ்வகைப் போட்டிகளுள் கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி, இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டி 1953இல் கென்யா, உகாண்டா, தாங்கனிக்கா ஆகிய நாடுகளை இணைத்துத் தொடங்கப்பெற்றுப் பின்னர் ஈஸ்டர் விடுமுறைக்கு மாற்றப்பட்டது. ஈஸ்டர் விழும் மார்ச், ஏப்ரல் மாதங்களே கென்யாவில் நீண்ட மழைப்பருவம் தொடங்கும் காலமாதலால், வைப்பர் என்று வழங்கும் முன்கண்ணாடித் துடைப்பான் வேறெந்தப் போட்டியிலும் பெறாத முதன்மையை இங்கே பெற்றது.

இம்முதன்மைக்கு மழை மட்டும் காரணம் அன்று. பிற நாடுகளின் ராலிகளில் நேரம் கணிக்கப்படும் பகுதிகளைப் பொதுப் போக்குவரத்துக்கு மூடிவிடும் வழக்கம் பரவிய பின்னரும், சஃபாரியின் சாலைகள் 2002 வரை திறந்தே இருந்தன. வளைவுகளையும் பள்ளங்களையும் முன்கூட்டியே பார்த்து எழுதிவைத்துத் துணை ஓட்டுநர் உரக்கப் படிக்கும் பாதைக் குறிப்புகள், மூடிய சாலையில் ஓட்டுநருக்கு இரண்டாவது கண்ணாக அமையக்கூடியவை. ஆனால் எதிரே வரும் லாரியையோ, சாலையைக் கடக்கும் மாட்டு மந்தையையோ, முந்தைய இரவின் மழை அரித்துச் சென்ற பாலத்தின் ஓரத்தையோ எந்தக் குறிப்பும் சொல்லாது. ஆகவே சஃபாரியில் ஓடியவர்கள் இறுதியாக நம்ப வேண்டியிருந்தது முன்கண்ணாடியில் துடைப்பான் தெளிவாக்கித் தந்த அரைவட்டத்தைத்தான்.

அந்த அரைவட்டம் எளிதில் கிடைத்தது அன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், உள்ளிருந்து நெம்புகோலால் இயக்கும் ரப்பர்த் துடைப்பானுக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். அதனால் அவருக்குப் பொருள் எதுவும் கிட்டவில்லை என்பது வருந்தத்தக்கது. கையால் இயக்கும் முறைக்குப் பின் பரவியது வெற்றிட முறை. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் குழாயில் தோன்றும் வெற்றிடமே இதில் துடைப்பானை அசைக்கும் விசை. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது அக்குழாயின் வாயில் அகலத் திறந்து வெற்றிடம் குறைந்துவிடுவதால், மேட்டில் ஏறும்போதும் பிற வண்டியை முந்தும்போதும், அதாவது பார்வை மிகவும் வேண்டிய நொடிகளிலேயே, துடைப்பான் தளர்ந்துபோகும். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1926இலேயே மின்மோட்டாரால் இயங்கும் துடைப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தும், விலை மலிவு கருதிப் பல நிறுவனங்கள் வெற்றிட முறையைக் கைவிடவில்லை. 1953இல் மான்டே கார்லோ ராலியையும் 1955இல் சஃபாரியையும் வென்ற ஃபோர்டு செஃபிர் கூட அம்முறையைக் கொண்டிருந்த கார்தான். மாறாக, 1954, 1957, 1962 ஆகிய ஆண்டுகளில் சஃபாரியை வென்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மின்துடைப்பான் கொண்டது. பீட்டிலின் வெற்றிக்குத் துடைப்பானே காரணம் என்பது மிகையாகும். பின்புற எஞ்சினின் பாரம் உந்து சக்கரங்களின்மேல் விழுந்து சேற்றில் பிடிப்பைக் கூட்டியதே பெரிய காரணம். எனினும், முழு விசையோடு மேடேறும்போதும் வேகம் குன்றாத துடைப்பான் அந்தச் சாலைகளில் சிறிய உதவி அன்று.

சேறு மழையைப் போன்றது அன்று என்பதே சஃபாரி கற்பித்த பாடங்களுள் முக்கியமானது. துடைப்பானின் ரப்பர் இதழ் கண்ணாடியின்மீது சற்றே சாய்ந்து இழுபட்டு, ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் மறுபுறம் புரண்டு திரும்புகிறது. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையே நிற்கும் மெல்லிய நீர்ப்படலமே இவ்வுராய்வைத் தாங்கச் செய்கிறது. கென்யச் சமவெளிகளின் கரிசல் மண்ணும், பிற பகுதிகளின் செம்மண் சரளையும் சேறாகி முன்கண்ணாடியில் அடிக்கும்போது, மணல்துகள்கள் இதழின் விளிம்பைக் கடித்துச் சிதைக்கின்றன. ஒவ்வொரு கடியும் கண்ணாடியில் ஒரு கோட்டை விட்டுச் செல்ல, இரவில் எதிர்வரும் விளக்கின் ஒளி அக்கோடுகளில் சிதறிச் சாலையையே மறைத்துவிடுகிறது. உலர்ந்த மண்ணை நீரின்றித் துடைத்தாலோ கண்ணாடியே கீறல் விழுந்து, புதிய இதழ் மாட்டினாலும் பயனற்றுப்போகிறது. எனவே முதலில் நீர், பிறகு துடைப்பு என்ற ஒழுங்கு இங்கே கட்டாயமாயிற்று; நீர்த்தெளிப்பானின் தொட்டி வற்றிவிட்டால் துடைப்பான் உதவியாக இல்லாமல் கேடாக மாறியது. கடுவேகத்தில் காற்று இதழின் அடியில் புகுந்து அதைக் கண்ணாடியிலிருந்து தூக்கிவிடும் என்பதால், துடைப்பானின் கையைக் கண்ணாடியோடு அழுத்தும் சுருள்வில்லின் வலிமையும் கணக்கில் வந்தது.

இச்சாலைகளின் கடுமைக்கு எண்களே சான்று: 1963இல் புறப்பட்ட 84 கார்களுள் 7 மட்டுமே முடிவை எட்டின; 1968இலும் 7 கார்களே மீண்டன. இரு முறையும் வென்றவர் பெஜோ 404 காரை ஓட்டிய நிக் நோவிக்கி. 1972இல் ஃபின்லாந்தின் ஹன்னு மிக்கோலா வெல்லும் வரை வெளிநாட்டு ஓட்டுநர் எவரும் இப்போட்டியை வென்றதில்லை என்பதும், பஞ்சாபி வம்சாவளியினரான கென்யர் ஜோகிந்தர் சிங் 1965, 1974, 1976 என மும்முறை வென்றதும், எந்த மண் எந்த மழைக்கு எப்படி மாறும் என்ற உள்ளூர் அறிவின் மதிப்பைக் காட்டுகின்றன. வேகத்தைவிடப் பார்வையைக் காத்துக்கொள்ளும் பொறுமை அவ்வறிவின் ஒரு பகுதி என்று கருதுவதில் தவறில்லை.

பிற்காலத்தில் பெரிய அணிகள் ஹெலிகாப்டரை முன்னே பறக்கவிட்டு, சாலையில் உள்ள விலங்குகளையும் வண்டிகளையும் வானொலி வழியே ஓட்டுநருக்கு அறிவித்தன. கண்ணாடிக்கு வெளியே இன்னொரு பார்வை அவ்வாறு வாங்கப்பட்டது. உலக ராலி சாம்பியன்ஷிப் தொடரிலிருந்து 2002க்குப் பின் நீங்கிய சஃபாரி, 2021இல் நைவாஷா ஏரிப் பகுதியின் மூடிய பாதைகளுக்குத் திரும்பியபோது, ஃபெஷ்-ஃபெஷ் எனப்படும், மாவைப் போல் நுண்ணிய புழுதி முதன்மை இடரானது. சக்கரம் பட்டதும் அலையாக எழுந்து கண்ணாடி முழுவதையும் மூடும் இப்புழுதியின்மேல் சில துளி மழை விழுந்தாலும் அது பசையாகிறது. அப்போது நீரைப் பீய்ச்சி, இதழ் இரண்டு மூன்று வீச்சுகளில் அதை வழித்தெடுக்கும் வரை, ஓட்டுநர் துணை ஓட்டுநரின் குரலை மட்டும் கேட்டுக் காரை நேரே பிடிக்க வேண்டியிருக்கிறது.