மடிக்கணினிக்கும் நிப்பு மாற்றலாம்

சாத்தூர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சேவும் வெள்ளரிக்காயும்தான் தெரியும். என் வயதுக்காரர்களுக்கு நிப்பும் நினைவுக்கு வரும். தகட்டில் வெட்டி, நடுவே கீறி, முனை தீட்டி அங்கே செய்த நிப்புகளால் எழுதிய தலைமுறை நாம். பால்பாயிண்ட் பேனா வந்தது. அந்தத் தொழில் படுத்துவிட்டது. நிப்பின் அருமை என்னவென்றால், தேய்ந்துபோனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பேனாவைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டையையும் முதலில் இப்படி எண்ணித்தான் செய்தார்கள்.

இருக்கன்குடியில் எங்கள் தெருவில் ஒரு வீடு. தகப்பனார் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர். மூத்த பெண் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய அரசு மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று ஜெயலலிதா தொடங்கிவைத்தாரே, அந்தத் திட்டத்தில் கிடைத்தது. அக்கா படித்து முடித்துக் கல்யாணமாகிப் போய்விட்டாள். இப்போது தம்பி அதில்தான் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். இணையம் ஐந்து நிமிடம் வரும், பத்து நிமிடம் போகும். காட்டிய இடத்தில், “இது அவ்வளவுதான், புதுசு வாங்கிக்கோங்க” என்றார்களாம். புதிது முப்பதாயிரத்துக்குக் குறையாது. “தாத்தா, நீங்க கொஞ்சம் பாருங்களேன்” என்று பையன் என்னிடம் கொண்டுவந்தான். பார்க்கப் போய்ப் பழைய விஷயங்களையெல்லாம் கிளறிவிட்டேன்.

கம்பியில்லாத் தந்தி என்ற பெயரை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். நான் படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே அதற்கு தெ எஸ் எஃப் என்று பெயர். ‘கம்பி இல்லாத தந்தி’ என்பதன் முதலெழுத்துகள். கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் எங்கள் வாத்தியார் எதுவார் பிரான்லி என்பார். ஆங்கிலப் பள்ளியில் படித்த என் நண்பர்கள் மார்க்கோனி என்பார்கள். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. மின்னலையை உணரும் கண்ணாடிக் குழாயை பிரான்லி 1890-ல் பாரிஸில் செய்து காட்டினார். அதை வைத்துக்கொண்டு மார்க்கோனி 1899-ல் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டிச் செய்தி அனுப்பினார். அதில் பிரான்லிக்கே வாழ்த்துச் சொல்லியிருந்தார். நடுவில் நம் ஆள் ஒருவர் இருக்கிறார்: ஜகதீஷ் சந்திர போஸ். 1895 வாக்கில் கொல்கத்தா டவுன் ஹாலில் சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணியடிக்க வைத்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். வெடிமருந்தை வைத்துப் பிழைக்கும் நம் பக்கத்துக்காரர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

இந்த அலையைப் பிடிக்கும் கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்றது 1933-ஆம் வருட இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம். வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கியது மறந்திருக்காது. எண்பதுகளில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. அமெரிக்காவில் 1985-லேயே சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. வேறு எதற்கும் உதவாது என்று ஒதுக்கிய புறம்போக்கு மாதிரி. வைஃபை குடியேறியது அந்தப் புறம்போக்கில்தான். நம் நாட்டில் 2005 ஜனவரியில்தான் அதற்கு லைசென்ஸ் விலக்கு வந்தது. 5 கிகாஹெர்ட்ஸை அப்போது கட்டடத்துக்குள் மட்டும் அனுமதித்து, வெளியிலும் தாராளமாகப் பயன்படுத்த 2018-ல் விட்டார்கள்.

இனி அட்டைக்கு வருவோம். வைஃபை விதிமுறை 1997-ல் வந்தது. 1999-ல் வேகம் 11 மெகாபிட், 2003-ல் 54, 2009-ல் அதற்கும் பல மடங்கு. மடிக்கணினி பத்து வருஷம் உழைக்கும். ரேடியோ நாலு வருஷத்தில் பழசாகிவிடும். இதைத் தெரிந்துதான் இரண்டையும் பிரித்து வைத்தார்கள். 1999-ல் ஆப்பிள் வெளியிட்ட ஐபுக்கில் விசைப்பலகையைத் தூக்கி அட்டையைச் செருகிக்கொள்ளலாம். 2003 மார்ச்சில் இன்டெல் ‘சென்ட்ரினோ’ என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்ததே, அதன் முதல் அட்டை 11 மெகாபிட்தான். மூன்றே மாதத்தில் 54 மெகாபிட் விதிமுறை உறுதியாயிற்று. பெட்டியைப் பிரித்த சூட்டிலேயே பழையதாகிப்போன அட்டை! ஆனாலும் கழற்றி மாற்ற முடிந்தது. யாரும் கணினியை வீசவில்லை. பிறகு அட்டை சுருங்கிக்கொண்டே வந்தது. நான் திறந்து பார்த்த அரசு மடிக்கணினியில் இருந்தது 30 மில்லிமீட்டருக்கு 27, தீப்பெட்டியைவிடச் சின்னது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சில கம்பெனிகள் கணினியின் பயாஸில் ஒரு பட்டியல் எழுதிவைத்தன. பட்டியலில் இல்லாத அட்டையைச் செருகினால், அனுமதியில்லாத அட்டை என்று திரையில் எழுதிவிட்டுக் கணினி அத்துடன் நின்றுவிடும். அட்டையும் ஏரியலும் சேர்த்துத்தான் அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்புதல் வாங்கினோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். சட்டப்படி அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அதே அட்டையைத் தங்கள் பெயர் ஒட்டி அதிக விலைக்கு விற்றபோது அந்த நியாயம் எங்கே போயிற்று? ஃபைல்களோடு மல்லுக்கட்டிய எனக்கு இந்த மாதிரி விதிகள் புதிதல்ல.

நல்லவேளை, பையனுடைய கணினியில் அந்தப் பூட்டு இல்லை. சாத்தூரில் பழைய கணினி பிரிக்கும் தம்பி ஒருவர், 7260 என்ற இன்டெல் அட்டையைச் சில நூறு ரூபாய்க்குக் கொடுத்தார். 2013-ல் வந்த அட்டை. 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும். பழைய அட்டைக்கு 2.4 மட்டும்தான். அதில் ஒன்றையொன்று இடிக்காத பாதைகள் மூன்றே மூன்று. தெருவில் வரிசையாக எல்லா வீட்டிலும் பைபர் மோடம் வந்தபிறகு, ஆடி கடைசி வெள்ளியில் மாரியம்மன் கோயில் வாசல் மாதிரி நெரிசல்.

வேலை கால்மணி நேரம்தான். பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கீழ்மூடியின் திருகுகளை எடுத்தால் அட்டை தெரியும். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஏரியல் கம்பிகள் திரையைச் சுற்றிக் கீல் வழியாக அங்கே வந்து சேரும். அவற்றின் முனைகள் கடுகு அளவு. நேராகத் தூக்கி எடுத்து, நேராக அழுத்திப் பொருத்த வேண்டும்; சாய்த்தால் உடைந்துவிடும். எனக்குக் கை நடுங்குகிறது என்று பையனையே செய்யச் சொன்னேன். ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டதும் சிரித்தான். மறுநாள் இரண்டு மணி நேர வகுப்பு அறுபடாமல் ஓடியதாகச் சொன்னான்.

புதுக் கணினி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது மெல்லியதாகச் செய்கிறோம் என்று பலவற்றில் ரேடியோவைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், மாற்றவே முடியாது. கழற்ற முடிகிற அட்டையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இன்டெல்லின் ஏ எக்ஸ் 200 முழு அட்டை. ஏ எக்ஸ் 201 பார்க்க அதேபோல் இருக்கும். ஆனால் அதன் பாதி வேலையைக் கணினியின் சிப் செய்ய வேண்டும், அதற்கென்று வந்த இன்டெல் கணினிகளில் மட்டுமே ஓடும். பழைய கணினியில் செருகினால் சும்மா கிடக்கும். கடையில் பெயரின் கடைசி எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.