ஒற்றைக் கிழங்கை நம்பிய நாடு

வீட்டுக் கொல்லையிலே, மாடியிலே, கோணிப்பையிலும் தொட்டியிலும் உருளைக்கிழங்கு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் பையில் மண்ணை நிரப்பும் முன்னே, இந்தக் கிழங்கை நம்பி வாழ்ந்து, அதையே நம்பிக் கெட்ட ஒரு நாட்டின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

உருளைக்கிழங்கின் தாய்வீடு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. அந்த மலை உழவர்கள் ஒரே வயலில் பல ரகங்களைக் கலந்து நடுவார்கள். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்ற கணக்கு. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டார் கிழங்கை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கிழங்கு போயிற்று, கலந்து நடும் அந்த வழக்கம் கூடப் போகவில்லை.

அயர்லாந்தில் நிலமெல்லாம் பெரிய நிலச்சுவான்தார்கள் கையில் இருந்தது. குடியானவன் விளைவித்த தானியமும், வளர்த்த பன்றியும் குத்தகைக்கே சரியாகப் போய்விடும். குடும்பத்தின் வயிற்றுக்கு மிஞ்சியது ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் துண்டு நிலம். அந்தத் துண்டில் ஒரு குடும்பத்துக்கே சோறு போட்டது உருளைக்கிழங்கு ஒன்றுதான். கிழங்கும் மோரும்தான் சாப்பாடு. உழைக்கிற ஆள் ஒருவர் நாளொன்றுக்கு நாலைந்து கிலோ கிழங்கு சாப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் நட்ட முறையும் கவனிக்க வேண்டியது. தரையில் சாணமும் கடற்பாசியும் பரப்பி, மேலே கிழங்கை வைத்து, இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை மேலே போட்டு மேட்டுப்பாத்தி ஆக்குவார்கள். செடி வளர வளர மண் அணைப்பார்கள். விதைக்கிழங்குக்கு மேலே, மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து கிளை ஓடித்தான் புதுக் கிழங்கு பிடிக்கும். நாம் கோணிப்பையில் செய்யப்போவதும் இதே வேலைதான்.

சரி, கேடு எங்கே வந்தது? நிறைய விளைகிறது என்று ஏழைகள் பெரும்பாலோர் 'லம்ப்பர்' என்ற ஒரே ரகத்தை நட்டார்கள். வாழைக்கன்று மாதிரி, கிழங்கிலிருந்து வருகிற கிழங்கு தாயின் அச்சு அசலாகவே இருக்கும். ஒன்றுக்கு ஆகாத நோய் எல்லாவற்றுக்கும் ஆகாது.

1845-இல் அது வந்தது. குளிர்ந்த, ஈரமான பருவம். இலை கறுத்தது, அடியில் வெள்ளைப் பூசணம் படர்ந்தது, தோண்டிய கிழங்கு அழுகி நாறியது. 1846-இல் நாடு முழுவதும் ஏறக்குறைய எல்லாமே போயிற்று. பசி தாங்காமல் விதைக்கு வைத்த கிழங்கையும் தின்றார்கள். 1847-இல் நோய் அவ்வளவாக இல்லை. ஆனால் நடுவதற்கு விதை ஏது? கொஞ்ச நிலத்தில்தான் நட முடிந்தது. விதை நெல்லைக் குத்தித் தின்ற வீடு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்திலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. விளைந்தது இருந்தும், வாங்கக் குடியானவனிடம் காசில்லை. பசியாலும், பசியோடு வந்த காய்ச்சல், பேதியாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டே போனார்கள். 1841-இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-இல் 66 லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

அந்த நோயைத்தான் பின்பருவ இலைக்கருகல் என்கிறோம். இதற்குக் காரணம் பூசணம் போன்ற ஒரு நுண்ணுயிர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை 1885-இல் பிரான்சில் திராட்சைக்கென்று வந்து, பிறகு உருளைக்கும் உதவியது. அயர்லாந்துக்கு அது நாற்பது ஆண்டு தாமதம்.

நமது நீலகிரிக்கும் ஒரு பாடம் உண்டு. 1961-இல் அங்கே உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. இதன் முட்டைக்கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மண்ணோடும் விதைக்கிழங்கோடும் ஊர் விட்டு ஊர் போகும்.

ஆகவே பையில் போடுகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியவை இவை. கிழங்கு பிடிக்க இரவுக் குளிர் வேண்டும், ஏறக்குறைய 20 டிகிரியோ அதற்குக் கீழேயோ. சமவெளியில் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களை விட்டால் வேறு காலம் சரிப்படாது. அப்போதும் மலையில் விளைகிற அளவு எதிர்பார்க்க வேண்டாம். விதைக்கிழங்கைத் தோட்டக்கலைத் துறையிடம் விசாரித்து, நோயற்றதாக, முட்டை அளவில், முளை கண்டதாக வாங்குங்கள். பழைய உருளை வயல் மண்ணை எடுக்காதீர்கள். அடியில் ஓட்டை போட்டு, மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி நடுங்கள். செடி உயர உயர மண் அணையுங்கள். வெயில் பட்டுப் பச்சையான கிழங்கைச் சமைக்காதீர்கள், அது நஞ்சு. கருகல் கண்ட செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்; அந்தக் கிழங்கை மறு விதைக்கு வைக்கவே கூடாது.

பத்துப் பை வைத்தால் இரண்டு மூன்று ரகமாக வையுங்கள். பையில் போனால் ஒரு வேளைக் குழம்புதான் போகும். வயலில் போனால் வாழ்வே போகும். வயலுக்கும் கணக்கு அதுவேதான்: ஒரே ரகத்தை நம்பாதீர்கள், விதையில் கை வைக்காதீர்கள்.